பூங்காவோடு கடற்கரையும்: குடும்பச் சுற்றுலாவுக்கு ஒரு திட்டம்



கடன், வட்டி, கறவை மாடு, தையல் பயிற்சி என்று எத்தனையோ பாடங்களை நாம் படித்திருக்கிறோம். இந்த முறை கொஞ்சம் வித்தியாசமான பாடம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றிப் பார்க்கப் போவது எப்படி? "அட, இதுக்குமா பாடம்?" என்று சிரிக்காதீர்கள். திட்டமில்லாமல் போய், கடனோடு திரும்பி வந்த குடும்பங்களும் உண்டு. திரும்பி வராத பிள்ளைகளும் உண்டு. அதனால்தான் இந்தப் பாடம்.

நம்ம பக்கத்தில் என்ன இருக்கிறது?

திருச்சியைச் சுற்றி நாம் பார்க்க வேண்டிய இடங்கள் நிறைய. ஸ்ரீரங்கம் கோயிலை எல்லோருக்கும் தெரியும். 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் ராஜகோபுரம் 236 அடி உயரம். அதே தீவில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலூரில் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 2015-இல் திறந்தார்கள். பரப்பளவு 25 ஏக்கர். காவிரியின் தென்கரையில், கம்பரசம்பேட்டையில் 2025-இல் பறவைப் பூங்கா திறக்கப்பட்டது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்து திணைகளை வைத்து அதை அமைத்திருக்கிறார்கள். அதே சாலையில் இன்னும் போனால் முக்கொம்பு. அங்கேயும் பூங்கா, பிள்ளைகளுக்கு விளையாட்டு எல்லாம் உண்டு.

பறவைப் பூங்காவில் நெய்தல் பகுதியைப் பார்க்கும் பிள்ளை, "அம்மா, நிஜக் கடல் எங்க இருக்கு?" என்று கேட்கும். நியாயமான கேள்விதான். நம்ம மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. ஆனால் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் போனால் வேளாங்கண்ணி. பக்கத்திலேயே நாகூர். வடக்கே தரங்கம்பாடி, அங்கே 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. ஆக, பூங்கா பார்க்கும் ஒரு நாளோடு கடற்கரையில் ஒரு ராத்திரி தங்குவதைச் சேர்த்துக்கொண்டால் குடும்பத்துக்கு நிறைவான சுற்றுலா ஆகிவிடும்.

ஏன் தங்க வேண்டும்? ஒரே நாளில் வரக்கூடாதா?

வரலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். போக வர 300 கிலோமீட்டர். எட்டு மணி நேரம் பயணத்திலேயே போய்விடும். கடலுக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். திரும்பும்போது நடுராத்திரி. வேன் ஓட்டும் தம்பி பகல் முழுக்க வெயிலில் ஓட்டி, ராத்திரியும் கண் விழித்து ஓட்ட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் ஒரு நொடி கண் அசந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அறை வாடகை வீண் செலவு அல்ல. அது நம்ம உயிருக்குக் கொடுக்கும் காவல் கூலி.

இரண்டு நாள் திட்டம்

முதல் நாள்: விடியற்காலையில் கிளம்பி ஸ்ரீரங்கத்தில் சாமி தரிசனம். பிறகு மேலூர் பூங்கா அல்லது பறவைப் பூங்கா. இரண்டில் ஒன்று போதும். எல்லாவற்றையும் பார்த்தால் பிள்ளைகள் சோர்ந்து போவார்கள். வார விடுமுறை எந்த நாள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மதியம் 1 மணிக்குள் தஞ்சாவூர் வழியாகக் கிளம்பினால் இருட்டும் முன் அறைக்குப் போய்விடலாம்.

இரண்டாம் நாள்: கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும். அதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். வெயில் ஏறும் முன் கரையிலிருந்து எழுந்துவிடுங்கள். மாதா கோயில், நாகூர் தர்கா பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஊர் திரும்பலாம்.

எப்போது போகக்கூடாது? வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. அறை கிடைப்பது கஷ்டம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்தது இந்தப் பகுதியில்தான். பொங்கல் முடிந்த பிறகு, மார்ச் வரை நல்ல காலம்.

பணத்துக்கு என்ன வழி?

ஒரு உதாரணம் பார்ப்போம். கணவன், மனைவி, 8 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள்.

பூங்கா நாள்: திருச்சி போக்குவரத்து 200, நுழைவுச் சீட்டு 500, சாப்பாடு 600. மொத்தம் 1,300 ரூபாய்.

கடற்கரை: பேருந்து போக வர 900, அறை 1,200, சாப்பாடு 800, ஆட்டோ 300, அவசரத்துக்கு 500. மொத்தம் 3,700 ரூபாய்.

இரண்டும் சேர்ந்து 5,000 ரூபாய். வாரம் 100 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் 50 வாரத்தில் சேர்ந்துவிடும். இது உதாரணக் கணக்குதான். உங்கள் ஊர்க் கட்டணத்தை விசாரித்து நீங்களே எழுதிப் பாருங்கள். அரசுப் பேருந்தில் 5 வயது வரை சீட்டு வேண்டாம். 12 வயது வரை அரைச் சீட்டு. வேளாங்கண்ணியில் திருத்தல நிர்வாகம் நடத்தும் விடுதிகளும் உண்டு. முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஆதார் அட்டை எடுத்துப் போங்கள். அறையை எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்று கேட்டு, முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். சுற்றுலாவுக்கு உள்கடன் வேண்டாம். தவணை கட்ட வைத்த பணத்தையும் தொட வேண்டாம். கடன் வருமானத்தைப் பெருக்குவதற்கு. சந்தோஷத்துக்குச் சேமிப்புதான் சரி.

பல குடும்பங்கள் சேர்ந்து வண்டி பிடித்தால் வாடகை வண்டிக்கு உரிய மஞ்சள் நம்பர் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்த வாடகை என்று குட்டியானை போன்ற சரக்கு வண்டியில் ஏறாதீர்கள். அதில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணமும் கிடைக்காமல் போகலாம்.

காவிரி தெரிந்தவர்களுக்குக் கடல் தெரியாது

நாம் ஆற்றங்கரைப் பெண்கள். தண்ணீர் நமக்குப் புதிது இல்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு அணையின் 9 மதகுகளை வெள்ளம் அடித்துப் போனதையும் பார்த்தவர்கள். ஆனாலும் கடலின் குணம் வேறு. ஆறு ஒரே பக்கம்தான் இழுக்கும். கடல் அலையாகக் கரைக்குத் தள்ளிவிட்டு, அந்தத் தண்ணீரையே ஒரு கால்வாய் போல உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும் இடம் பெரும்பாலும் இந்த இழுவை உள்ள இடம். "இங்க அலையே இல்ல, பிள்ளைங்க குளிக்கட்டும்" என்று நாம் நினைப்பது அந்த இடத்தைத்தான்.

2024 மே 6-இல் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில், திருச்சியிலிருந்து போன மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். 'கள்ளக்கடல்' என்று சொல்லும் திடீர்ப் பேரலை பற்றி அப்போது எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. படித்த பிள்ளைகளுக்கே இந்தக் கதி. எனவே கீழே உள்ளவற்றை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்:

1. இறங்கும் முன் அங்குள்ள மீனவர்களிடமோ காவலர்களிடமோ கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

2. பிள்ளைகள் கணுக்கால் தண்ணீரோடு நிற்கட்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கை பிடித்திருக்க வேண்டும்.

3. நனைந்த சேலை காலைச் சுற்றும், கனக்கும். சேலை கட்டியவர்கள் உள்ளே போக வேண்டாம்.

4. ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் இறங்கவே கூடாது.

5. குடித்தவர்களைத் தண்ணீர் பக்கமே விடாதீர்கள்.

6. இழுவையில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடக் கூடாது. மிதந்தபடி கையை உயர்த்திக் கத்த வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவை விட்ட பின் கரைக்குத் திரும்ப வேண்டும்.

7. கரையில் இருப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குதிக்காதீர்கள். காலி கேன், கயிறு எதையாவது வீசுங்கள். கடலோரக் காவல் 1093, அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108.

8. கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் வேளாங்கண்ணிக்கு வந்த யாத்ரீகர்கள் பலர் உயிரிழந்தார்கள். அதை நாம் மறக்கக் கூடாது.

நமக்கும் அது விடுமுறைதான்

கடைசியாக ஒன்று. சுற்றுலா போனாலும் அடுப்பும் பாத்திரமும் நம்ம தலையில்தான் விழுகிறது. புளிச்சோறு கட்டுவது நாம், மூட்டை தூக்குவது நாம், பிள்ளையின் ஈரத்துணி பிழிவதும் நாம். வீட்டு ஆண்களிடம் முன்பே பேசுங்கள். ஒரு வேளைச் சாப்பாடு கடையில். ஒரு மணி நேரம் பிள்ளைகளை அவர்கள் பார்க்கட்டும். அந்த ஒரு மணி நேரம் நாம் மணலில் உட்கார்ந்து சும்மா கடலைப் பார்க்கலாம். வருஷம் முழுக்க உழைத்த உடம்பு அதைக் கேட்கிறது.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

• நம் குழுவில் கடலைப் பார்க்காத உறுப்பினர்கள் எத்தனை பேர்?

• வாரம் எவ்வளவு தனியாகச் சேமிக்க முடியும்? அந்தப் பணத்துக்குத் தனி நோட்டு எழுதுவது யார்?

• தனியாக வாழும் உறுப்பினர்களும் அவர்கள் பிள்ளைகளும் நம்மோடு வர என்ன ஏற்பாடு செய்யலாம்?

பேசி முடிவெடுத்துத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். ஊக்குநர்கள் அதை அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எந்தெந்தக் குழுக்கள் சேர்ந்து போகலாம் என்று அங்கே உட்கார்ந்து பேசுவோம்.