ஸ்கூட்டருக்கு 'பிக்கப்' எங்கிருந்து வருகிறது?



தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோட்டில் சிக்னல் பச்சை விழுந்ததும் பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். சில ஸ்கூட்டர்கள் மட்டும் சத்தம் போடுமே தவிர நகராது. உடனே, "ஏர் ஃபில்டரைக் கழட்டு, சைலன்சரை மாத்து, சும்மா பறக்கும்!" என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். அது சரியா? நம்ம இயற்பியல் பாடத்தை வைத்தே பார்ப்போம்.

கியர் இல்லாத வண்டியில் கியரே இல்லையா?

இருக்கு! நாம் மாற்றுவதில்லை, அதுவே மாறிக்கொள்கிறது. 1980-களில் வந்த கைனடிக் ஹோண்டாவிலும், 2001-இல் வந்த ஆக்டிவாவிலும் இதே முறைதான். இன்ஜின் பக்கம் ஒரு புல்லி, பின்சக்கரம் பக்கம் ஒரு புல்லி, நடுவில் பெல்ட். முன் புல்லிக்குள் பெரும்பாலும் 6 ரோலர்கள் இருக்கும். இன்ஜின் வேகமாகச் சுற்றச் சுற்ற ரோலர்கள் வெளிப்பக்கம் நகர்ந்து தட்டை நெருக்கும். பெல்ட் மேலே ஏறும். இதுதான் கியர் மாறுவது. மேம்பாலம் ஏறும்போது கியர் சைக்கிளில் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு மாத்துவோமே, ஸ்கூட்டர் கிளம்பும்போதும் அதே கணக்குதான்.

ரோலர் எடையைக் குறைத்தால்?

விசை = நிறை × கோணவேகத்தின் இருமடி × ஆரம். நிறை 10% குறைந்தால் அதே விசைக்குக் கோணவேகம் சுமார் 5% கூட வேண்டும். அதாவது 5,000 சுற்றில் மாறிய கியர் சுமார் 5,270 சுற்றில்தான் மாறும். பல 110 சிசி ஸ்கூட்டர்களில் முறுக்குவிசை சுமார் 5,500 சுற்றிலும், திறன் 7,500 - 8,000 சுற்றிலும் உச்சம் அடையும். ஆகவே கொஞ்சம் குறைத்தால் கிளம்பும்போது இழுவை கூடும். ஆனால் பெட்ரோல் அதிகம் குடிக்கும். ரொம்பக் குறைத்தால் திறன் உச்சத்தைத் தாண்டிவிடும், சத்தம்தான் மிச்சம். இன்ஜினின் திறன் கூடவில்லை, அதைச் செலவு செய்யும் விதம்தான் மாறியது!

ஃபில்டர், சைலன்சர்?

ஃபில்டரைக் கழட்டினால் காற்று கூடும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் அதற்கேற்பக் கூடாது. கலவை மெலிந்து வண்டி திணறும். தூசு உள்ளே போய் சிலிண்டர் தேயும். சத்தம் போடும் சைலன்சர் பெரும்பாலும் அதிகச் சுற்றில்தான் உதவும்; சிக்னலில் கிளம்ப உதவாது.

முதலில் பார்க்க வேண்டியவை:

1. டயரில் காற்று சரியா?
2. இன்ஜினை அணைத்து, சென்டர் ஸ்டாண்டு போட்டு பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சுலபமாகச் சுற்றாவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம்.
3. ஏர் ஃபில்டரில் அடைப்பு உண்டா? ஸ்பார்க் பிளக் கரி பிடித்திருக்கா?
4. பெல்ட், கிளட்ச் தேய்ந்ததா? உருண்டையான ரோலர் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டதா? மாற்றினால் எல்லா ரோலரையும் ஒரே எடையில் சேர்த்து மாற்ற வேண்டும்.

பல வண்டிகளுக்கு இதிலேயே போன பிக்கப் திரும்பி வந்துவிடும்!

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி கம்பெனி தந்த அமைப்பிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தின்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது நம்ம பேர் இல்லை, அப்பா பேர்! அதோடு, 110 சிசி ஓட்ட 18 வயது ஆக வேண்டும். அதுவரை ஓட்டுவதை விட்டு, அது ஓடும் விதத்தைக் கற்போம்.

உங்களுக்கு ஒரு கணக்கு: ரோலர் நிறையை 20% குறைத்தால் கோணவேகம் எத்தனை சதவீதம் கூடும்? விடையை இதே பலகையில் கீழே எழுதுங்கள்!