பாடசாலையில் பாலியல் தொந்தரவு: இனங்காண்போம், முறையிடுவோம்

காணி, கிணறு, வீடு எல்லாம் கைவிட்டுப் போன குடும்பத்துக்கு எஞ்சியிருக்கும் முதுசம் பிள்ளைகளின் படிப்புத்தான். முகாமில் இருந்தாலும், உறவினர் வளவில் கொட்டில் போட்டு இருந்தாலும், பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப நாம் தவறுவதில்லை. அங்கேயே பிள்ளைக்குப் பாலியல் தொந்தரவு நேர்ந்தால் என்ன செய்வது? இதைப் பேச நாம் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சம் தவறு செய்பவனுக்கே வேலியாகிறது. ஆகவே இப்பாடத்தைத் தாயும் தகப்பனும் சேர்ந்து வாசியுங்கள்.

எது பாலியல் தொந்தரவு?

தேவையின்றித் தொடுதல், உரசுதல். உடலைப் பற்றி ஆபாசமாகப் பேசுதல். கெட்ட படம் காட்டுதல், கடிதம் அல்லது தொலைபேசிச் செய்தி அனுப்புதல். தனியே வரச் சொல்லுதல். "சொன்னபடி கேட்டால் புள்ளி போடுவேன்" என ஆசை காட்டுதல், மறுத்தால் மிரட்டுதல் எல்லாம் இதில் அடங்கும். செய்பவர் ஆசிரியராகவோ, மூத்த மாணவராகவோ, காவலாளியாகவோ, வான் சாரதியாகவோ இருக்கலாம். ஆண்பிள்ளைகளுக்கும் இது நேர்கிறது.

நமது பிள்ளைகளுக்கு ஆபத்து ஏன் அதிகம்?

புதிய ஊரில் பிள்ளைக்காகப் பேச மாமன், சித்தப்பன் இல்லை. தாயும் தகப்பனும் விடியவே கூலி வேலைக்குப் போய்விடுகிறார்கள். பாடசாலைக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டும். இடம் தந்த பாடசாலையைப் பகைக்கக் கூடாது என்ற பயமும் உண்டு. கெட்ட எண்ணம் உள்ளவன் இவற்றை நன்றாக அறிவான். இலவசமாகக் கொப்பி, பணம் கொடுத்து, "வீட்டில் சொல்லாதே" என்று ஒருவர் சொன்னால் விழித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறிகள்

பயிரின் இலை மஞ்சளானால் வேரைப் பார்க்கிறோம். அதுபோல, பாடசாலைக்குப் போக மறுத்தல், ஒரு குறிப்பிட்ட பாடத்தை அல்லது ஆளைக் கண்டு பயப்படுதல், நித்திரையில் அலறுதல், படுக்கையில் சிறுநீர் கழித்தல், படிப்பில் திடீரெனப் பின்தங்குதல், உடலில் காயம் ஆகியவற்றைக் கண்டால் அடிக்காமல், ஏசாமல், அன்பாக விசாரியுங்கள். இவற்றுக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் விசாரிக்காமல் விடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1995ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. அதன் 345ஆம் பிரிவின்படி, சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு செய்வது குற்றம். 5 ஆண்டு வரை சிறையோ தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம்; நட்டஈடும் கட்டளையிடலாம். அதிகாரத்தில் உள்ளவர் செய்தாலும் குற்றமே. இதைவிடப் பாரதூரமான செயல்களுக்குத் தண்டனையும் கூடும். பாதிக்கப்பட்டவரின் பெயரை அச்சிட்டோ பகிரங்கமாகவோ வெளியிடுவதும் குற்றமாகும்.

முறையிடும் வழி

1. பிள்ளை சொல்வதை முழுமையாகக் கேளுங்கள். "நீ சொன்னது நல்லது, பிழை உன்னுடையதல்ல" என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் குறுக்குக் கேள்வி கேட்க வேண்டாம்.

2. நாள், நேரம், இடம், நடந்தது ஆகியவற்றைப் பிள்ளையின் சொற்களிலேயே எழுதி வையுங்கள். கடிதத்தையும் தொலைபேசிச் செய்தியையும் அழிக்க வேண்டாம்.

3. உடலுக்குத் தீங்கு நேர்ந்திருந்தால், குளிக்க வார்க்காமல், உடுப்பைக் கழுவாமல், உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

4. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்குக் கட்டணமின்றி எந்நேரமும் தமிழில் பேசலாம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பிரிவிலும், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் முறையிடலாம்.

5. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். விளங்காத மொழியில் எழுதியதில் ஒப்பமிட வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பொலிஸார் மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம்.

6. அதிபருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் எழுத்தில் அறிவித்து, பிரதியை வைத்திருங்கள். அதிபரே சம்பந்தப்பட்டிருந்தால் அவரிடம் போக வேண்டாம்.

செய்யக் கூடாதவை

பிள்ளையின் படிப்பை நிறுத்தி வீட்டில் இருத்துவதும், அவசரப்பட்டுக் கலியாணம் செய்துவைப்பதும் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கே தண்டனை கொடுப்பதாகும். "ஊருக்குள்ளே பேசித் தீர்ப்போம்" என்று காசு வாங்கிச் சமாதானமாவதும் தவறு. ஆசிரியரை இடம் மாற்றினால் போதும் என்பாரும் உண்டு. அவர் போகும் பாடசாலையிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா?

குற்றம் செய்தவர் ஆலயத்தோடு சம்பந்தப்பட்டவராக இருந்தாலும் வழி இதுவே. சிறுபிள்ளையை நடுவில் நிறுத்தி, இப்படிப்பட்டவருக்கு இடறல் உண்டாக்குவோரை ஆண்டவர் கடுமையாக எச்சரித்தார். திருச்சபையின் நற்பெயரைக் காப்பதற்காக ஒரு பிள்ளையை மௌனமாக்குவது அவருடைய வழியல்ல.

கலந்துரையாடுவதற்கு

1. நமது பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் பாதையில் ஆபத்தான இடங்கள் எவை? பெற்றோர் முறைவைத்துக் கூட்டிச் செல்லலாமா?

2. ஒரு பிள்ளை வீட்டில் சொல்ல முடியாவிட்டால், நமது குடியிருப்பில் யாரிடம் சொல்லலாம்?

3. ஒரு குடும்பம் முறையிட்டால், அவர்களைத் தனியே விடாமல் பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் கூடச் செல்வோர் யார்?