பழைய விளையாட்டுகளின் முகப்பு

காசு போட்டு ஆடும் விளையாட்டு யந்திரங்கள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கடைகளில் வரிசையாக நின்ற காலத்தில், அவற்றுள் யாதொன்றும் வாய்மூடி நின்றதில்லை. பெட்டியின் பக்கங்களில் ஓவியம் தீட்டப்பட்டிருந்தது. தலைமேல் பெயர்ப்பலகை ஒளிர்ந்தது. ஆடுவோர் ஒருவரும் இல்லாதபோதும் யந்திரம் தானே ஆடிக் காட்டி, வழியே செல்வோரைத் தன்பால் அழைத்தது. இவ்வழைப்பை ஆங்கிலத்தில் 'அட்ராக்ட் மோட்' என்பர். அவ்யந்திரங்களுள் பெரும்பாலானவை இன்று கடைகளை விட்டு அகன்றன. அவற்றின் விளையாட்டுகளோ, எமுலேட்டர் என்னும் மென்பொருளின் உதவியால், உள்ளங்கையில் அடங்கும் சிறு கணினியிலும் உயிர்பெற்று நடக்கின்றன. ஆயின், விளையாட்டு உயிர்பெற்ற அளவில் அதன் முகப்பும் உயிர்பெற்றதாகுமோ என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் விஷயம்.

எமுலேட்டராவது, ஒரு யந்திரத்தின் செயலை மற்றொரு யந்திரத்தில் மென்பொருளால் அவ்வாறே நிகழ்த்திக் காட்டும் சாதனம். 1997-ஆம் ஆண்டில் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா என்பார் தொடங்கிய 'மேம்' என்பது ஆர்கேட் யந்திரங்களின் பொருட்டு எழுந்த எமுலேட்டர்களுள் தலையாயது. 2012 பிப்ரவரியில் இங்கிலாந்தில் ராஸ்பெரி பை என்னும் மலிவான சிறு கணினி வெளிவந்தபின், பலவகை எமுலேட்டர்களை ஒருங்கே கொண்ட ரெட்ரோபை என்னும் தொகுப்பு அதன்பொருட்டு எழுந்தது. இத்தொகுப்பில் விளையாட்டை இயக்குவது ஒரு மென்பொருள். விளையாட்டுகளை வரிசைப்படுத்தித் திரையில் காட்டி, நாம் விரும்பியதைத் தெரிந்தெடுக்கச் செய்வது வேறொரு மென்பொருள். பின்னதற்கு எமுலேஷன்ஸ்டேஷன் என்று பெயர். கடை போய்விட்ட இக்காலத்தில் கடையின் வேலையைச் செய்வது இதுவே. இதன் தோற்றத்தைத் தீர்மானிப்பது 'தீம்' எனப்படும். தெரிந்தெடுத்த விளையாட்டின் சிறு நிகழ்ச்சியைப் பட்டியலின் பக்கத்தில் ஓட்டிக் காட்டுவது வீடியோ முன்னோட்டம்.

தீம் என்பது ஏதோ மாயவித்தை என்று புதிதாய்ப் பயில்வோர் அஞ்சுதல் உண்டு. அவ்வச்சம் வேண்டுவதில்லை. அது சில சித்திரங்களும் எழுத்துருக்களும் அடங்கிய ஒரு கோப்புறை, அதனுள் 'தீம்.எக்ஸ்எம்எல்' என்னும் உரைக்கோப்பு ஒன்று இருக்கும். எச்சித்திரம் திரையில் எவ்விடத்தில், எவ்வளவு பெரிதாக நிற்கவேண்டும் என்பதை அவ்வுரை சொல்கிறது. இடத்தைக் குறிக்க அது அங்குலத்தையோ படப்புள்ளியையோ கொள்வதில்லை. திரையின் முழு அகலத்தை 1 எனவும், முழு உயரத்தை 1 எனவும் கொண்டு, அவற்றின் பின்னங்களால் குறிக்கிறது. 0.5, 0.5 என்றால் திரையின் நடு. ஆகவே சிறு திரைக்கு எழுதிய அமைப்பு, அதே விகிதமுள்ள பெருந்திரையிலும் குலையாது நிற்கும். ரெட்ரோபையுடன் வரும் 'கார்பன்' என்னும் தீமைத் திறந்து இவ்வெண்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதினும் சிறந்த பாடம் இதில் இல்லை.

ஆனால் இவ்வெண்களிலேயே ஒரு படுகுழியும் உண்டு. வீடியோ நிற்கும் இடத்திற்கு அளவு கொடுக்க இரண்டு குறிகள் உள. 'சைஸ்' என்பது ஒன்று. 'மேக்ஸ்சைஸ்' என்பது மற்றொன்று. முன்னதில் அகலம், உயரம் இரண்டையும் கொடுத்தால், வீடியோ எவ்வடிவினதாயினும் அக்கட்டத்தை நிரப்பும்படி இழுக்கப்படும். பின்னதில் கொடுத்தால், வீடியோ தன் வடிவு கெடாமல் அக்கட்டத்துள் எவ்வளவு பெரிதாக அமையக்கூடுமோ அவ்வளவே அமையும். இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். 1980-இல் நாம்கோ நிறுவனத்தார் வெளியிட்ட 'பேக்-மேன்' யந்திரத்தின் திரை நெடிது நிற்பது. அகலம் மூன்று பங்காயின் உயரம் நான்கு பங்கு. நமது டெலிவிஷன் 1920-க்கு 1080 படப்புள்ளிகள் உடையது என்று கொள்வோம். வீடியோவுக்கு 0.4, 0.3 என்று 'சைஸ்' கொடுத்தால் கட்டம் 768-க்கு 324 ஆகிறது. நெடிய பேக்-மேன் அதனுள் குறுக்கே இழுபட்டு, உருண்டை முகம் மிதிபட்ட பழம்போல் ஆகிவிடும். அதே எண்களை 'மேக்ஸ்சைஸ்' குறியில் இட்டால் உருவம் 243-க்கு 324 என்று தன் வடிவில் நிற்கும். அதாவது முன்னைய முறையில் அகலம் மூன்று மடங்குக்கு மேல் மிகைப்பட்டிருந்தது. உருவம் சிறிதாயிற்றே என்று குறைபடுவோர் உயரத்தை 0.6 ஆக்குக, அப்போது பேக்-மேன் 486-க்கு 648 ஆகவும், டெலிவிஷன் பெட்டியில் ஆடப்பெற்ற நான்குக்கு மூன்று விகித விளையாட்டுகள் 768-க்கு 576 ஆகவும் நன்கு விளங்கும்.

இவ்வளவு சிறு விஷயத்தை இத்துணை விரித்தல் எதற்கு என்று வாசகர் வினவலாம். இன்றைய இளைஞர் பலர் அவ்யந்திரங்களைக் கண்ணால் கண்டவரல்லர்; காணும் வாய்ப்பும் அவர்க்கு அரிது. அவர்கள் அறியப்போகும் பேக்-மேன் நாம் திரையில் நிறுத்தும் பேக்-மேனே. ஓவியத்தைச் சட்டத்திற்கேற்ப இழுத்து ஒட்டும் சித்திரசாலை உலகில் இல்லை. விளையாட்டுக்கு மட்டும் அவ்வநீதி இழைக்கலாகுமோ? திரையின் இருமருங்கும் கரிய வெளி நிற்பதைக் குறையாகக் கருதி, எவ்விதத்தாலேனும் அதை நிரப்பிவிடத் துடிப்பது பலர்க்கும் உள்ள வழக்கம். கரிய வெளி யாதொரு தீங்கும் செய்வதில்லை.

வடிவத்தில் இன்னும் நுண்ணியதொரு வேறுபாடும் உண்டு. 1990-இல் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் ஃபேமிகாம் பெரும்பாலும் 256-க்கு 224 படப்புள்ளிகளில் படம் வரைந்தது. ஆயின் அக்காலத்து டெலிவிஷன் அதை நான்குக்கு மூன்று விகிதத்தை ஒட்டி அகலப்படுத்திக் காட்டியது. படப்புள்ளிகளை உள்ளவாறே பதிவுசெய்த வீடியோவில், வட்டமாக இருக்க வேண்டியது சற்று ஒடுங்கி நிற்கும். ஆதலின் அத்தகைய வீடியோவை 640-க்கு 480 என்னும் அளவுக்கு மாற்றியபின் சேர்த்தல் நன்று. 160-க்கு 144 படப்புள்ளிகளும் நான்கே சாயல்களும் கொண்ட கேம் பாய்க்கு இத்தொல்லை இல்லை. அதன் திரை அதனோடேயே பிறந்தது.

இனி முன்னோட்டத்தில் எதைக் காட்டுவது என்பதற்கு வருவோம். இங்கு நமக்கு ஆசான் பழைய யந்திரமே. 1978-இல் டைட்டோ நிறுவனத்தைச் சார்ந்த டொமொஹிரோ நிஷிகாடோ ஆக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' யந்திரத்தைக் காண்க. அமெரிக்காவில் மிட்வே நிறுவனத்தார் வெளியிட்ட அதன் பதிப்பில், 'ஆடுக' எனப் பொருள்படும் 'பிளே' என்ற ஆங்கிலச் சொல் திரையில் தோன்றும்போது ஈற்றெழுத்து தலைகீழாக நிற்கும். பகைவர் கூட்டத்துள் ஒருவன் ஓரத்திலிருந்து வந்து, அவ்வெழுத்தைத் தள்ளிக்கொண்டு போய், நேராக்கிக் கொண்டுவந்து வைப்பான். பின்னர் 'காசு போடுக' என்னும் வாசகத்தில் ஓர் எழுத்து மிகையாக விழுந்திருக்க, மற்றொருவன் அதைச் சுட்டு வீழ்த்துவான். சில விநாடிகளே நிகழும் இவ்வேடிக்கை, யந்திரத்தின் சுபாவத்தைச் சொல்லால் அன்றிச் செயலால் உணர்த்திவிடுகிறது. பேக்-மேனோ வேறு வழியில் செல்கிறது. அது நான்கு பூதங்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தி, அவற்றின் இயல்பையும் செல்லப்பெயரையும் அறிவிக்கிறது. சிறுபுள்ளியை உண்டால் 10, பெரும்புள்ளியை உண்டால் 50 என்று கணக்கும் சொல்கிறது. ஒருவன் காசு போடுமுன்பே விதிகளைக் கற்றுவிடுகிறான்.

இவற்றை நோக்க, இக்காலத்து முன்னோட்டங்கள் பலவும் விளையாட்டின் நடுவிலோ இறுதியிலோ இருந்து பரபரப்பான காட்சிகளை அறுத்தெடுத்து, வேறு இசையும் சேர்த்துத் திணிப்பது நமக்கு உவப்பாக இல்லை. யந்திரம் தன்னைத் தானே அறிமுகப்படுத்திய முறை இருக்க, நாம் ஏன் இடையில் புகவேண்டும்? மேம் மென்பொருள் தன் ஆட்டத்தைத் தானே வீடியோவாகப் பதிவுசெய்யவும் வல்லது. யந்திரம் விழித்தெழும்போது செய்யும் சோதனைகள் கழிந்து, அட்ராக்ட் மோட் தொடங்கும் கணத்திலிருந்து முப்பது விநாடி எடுத்தால் போதும். வீட்டு யந்திரங்களுக்கு வந்த விளையாட்டுகளிலும் பல, தொடக்கத் திரையில் யாரும் பொத்தானை அழுத்தாவிடின் தாமே ஆடிக் காட்டும். அவ்வாறு காட்டாதவற்றுக்கு மட்டும் முதற்கட்டத்தை நாமே ஆடிப் பதிவுசெய்தல் நேரிது.

பதிவுசெய்த வீடியோவை அப்படியே வைத்தால் இடம் போதாது. எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவசக் கருவியால் அதை எச்.264 முறையில் சுருக்குதல் வழக்கம். விநாடிக்கு ஒரு மெகாபிட் என்று வைத்தால், முப்பது விநாடிக்கு 3.75 மெகாபைட் ஆகும். ஆயிரம் விளையாட்டுக்கு 3.75 ஜிகாபைட். 32 ஜிகாபைட் மெமரி கார்டில் இது சிறு பங்கு எனினும், இரண்டு நிமிட வீடியோக்களைச் சேர்ப்போர் அக்கார்டில் ஏறக்குறையப் பாதியை அழைப்புக்கே கொடுத்து, விளையாட்டுக்கு இடமின்றி நிற்பர். மற்றொன்று: நிறத்தைக் குறிக்கும் முறை 'ஒய்யுவி 420' ஆக இருத்தல் வேண்டும். 444 என்னும் முறையில் வந்த வீடியோக்களைப் பழைய ராஸ்பெரி பையில் விரைவாக ஓட்டவியலாது. திரை திக்கும், அல்லது படமே வாராது. கருவியின்மேல் பழிபோடுமுன் இதனைச் சோதித்தல் முறை.

விளையாட்டுக்கும் வீடியோவுக்கும் உள்ள உறவை 'கேம்லிஸ்ட்.எக்ஸ்எம்எல்' என்னும் கோப்பு காக்கிறது. விளையாட்டின் பெயர், விவரம், வெளிவந்த நாள், படம் இருக்கும் இடம், வீடியோ இருக்கும் இடம் யாவும் அதில் எழுதப்படும். இதனைக் கையால் எழுதுவது பெரும்பாடாகையால், ஸ்கிரேப்பர் என்னும் கருவிகள் பொதுத் தொகுப்புகளிலிருந்து இவற்றைத் திரட்டித் தருகின்றன. அவற்றை நம்பலாம், முற்றும் நம்பலாகாது. 1987-இல் ஜப்பானில் 'ராக்மேன்' என்று வந்த விளையாட்டு அமெரிக்காவில் 'மெகா மேன்' ஆயிற்று. அட்டைப்படமும் அடியோடு மாறிற்று. மெகா டிரைவ் என்னும் யந்திரமே வட அமெரிக்காவில் ஜெனிஸிஸ் ஆயிற்று. சூப்பர் ஃபேமிகாமின் நான்கு பொத்தான்களும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் நால்வேறு நிறம். அமெரிக்காவில் அவை ஊதாவின் இரு சாயல்களே. எந்நாட்டுப் பதிப்பை வைத்திருக்கிறோமோ அந்நாட்டுப் பெயரும் படமும் வரும்படி ஸ்கிரேப்பருக்கு முதலிலேயே கட்டளையிடுவது, பின்னர் நூறு பிழைகளைத் திருத்துவதினும் எளிது.

கேம்லிஸ்ட் கோப்பைத் திருத்துமுன் எமுலேஷன்ஸ்டேஷனை நிறுத்திவிடுக. அது வெளியேறும்போது தன்னிடமுள்ள பட்டியலை மீண்டும் எழுதக்கூடியதாகையால், நாம் ஒருமணி நேரம் திருத்தியது ஒரு நொடியில் அழிந்துபோகும். தீமையும் அவ்வாறே: தொகுப்பு தந்த மூலத்தைத் தொடாமல், அதன் பிரதி ஒன்றை வேறு பெயரில் வைத்துத் திருத்துக, இல்லையேல் அடுத்த புதுப்பிப்பு அதனை மூடிவிடும். பட்டியலில் விரைந்து செல்லும்போது ஒவ்வொரு வீடியோவும் தொடங்கித் தொடங்கி நிற்பது கண்ணுக்கும் கணினிக்கும் இடர். இதன்பொருட்டு 'டிலே' என்னும் குறி உண்டு. அதில் 1.5 என்று இட்டால், ஒரு பெயரின்மேல் ஒன்றரை விநாடி நின்றபின்னரே வீடியோ ஓடும். அதுவரை அசையாப் படம் தோன்றும்படியும் செய்யலாம். வீடியோவின் ஒலியை அடக்க அமைப்புப் பட்டியலில் தனி இடம் இருக்கிறது. இரவில் ஆடுவோர் இல்லத்தார் இதற்கு நன்றி கூறுவர்.

விளையாட்டுகளின் உரிமை பற்றியும் ஒரு சொல். பழையது என்ற காரணத்தால் ஒரு விளையாட்டு பொதுச்சொத்து ஆகிவிடுவதில்லை. பேக்-மேனும் ஸ்பேஸ் இன்வேடர்ஸும் இன்றும் உடையவர் உள்ள பொருள்களே. பயில்வோர் கைப்பழக்கத்திற்கு மேம் குழுவினர், உடையவரின் அனுமதியுடன், ஆதாய நோக்கமின்றி எவரும் பெற்று ஆடும்படி சில விளையாட்டுகளைத் தம் தளத்தில் வைத்துள்ளனர். 'ராபி ரோட்டோ' அவற்றுள் ஒன்று, 'கிரிட்லீ' மற்றொன்று. கிரிட்லீ 1983 அளவில் ஆக்கப்பட்டும் விற்பனைக்கு வராமலே போயிற்று. ஆகவே கடைகளில் அதற்கென்று ஒளிர்ந்த பெயர்ப்பலகையும், அதன்முன் நின்ற கூட்டமும் இல்லை. முதன்முதல் தீம் எழுதப் புகும் மாணாக்கர் அதனையே எடுத்துக்கொள்வாராக. அதற்கு அவர் அமைக்கும் பெயர்ப்பலகையே, பலர் காணும் முதற் பெயர்ப்பலகையாக இருக்கக்கூடும்.