பெயரா, பெயரடையா?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். 'கறுப்பு'க்குப் பெயரடை என்று குறித்திருக்கிறாய். காரணம் புரிகிறது. 'கறுப்புச் சட்டை'யில் அது சட்டைக்கு முன்னால் நிற்கிறது. அப்படியானால் 'சென்னை வெயில்' என்பதில் சென்னை என்ன? அகராதி வேலையில் சொல் நிற்கும் இடத்தை வைத்து வகையை முடிவு செய்யாதே. தமிழில் எந்தப் பெயரும் இன்னொரு பெயருக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும்.

வேற்றுமை உருபைச் சேர்த்துப் பார். கறுப்பை, கறுப்புக்கு, கறுப்பில் என்று தடையில்லாமல் வருகிறது, ஆகவே பெயர். நிறம், குணம் என்றாலே அடை என்று நினைப்பது பள்ளி ஆங்கிலப் பாடம் விட்டுப்போன பழக்கம். நன்னூல் பெயர்களை ஆறாகப் பிரித்தபோதே குணத்துக்கும் ஓர் இடம் கொடுத்துவிட்டது. 'நல்ல', 'பெரிய', 'பழைய' அப்படியே உருபு ஏற்கா. நல்லதை, பெரியவருக்கு என்று உருமாறிய பிறகே ஏற்கும்.

உருமாறியதையும் சும்மா விடாதே. 'பழையது' என்றால் பழைய பொருள் மட்டுமல்ல, தண்ணீர் ஊற்றி வைத்த நேற்றைய சோறு. அது இட்லி, தோசை போல ஒரு பொதுப்பெயர். 'பழைய'வின் கீழே ஒளித்து வைக்காமல் தனிப் பதிவு கொடு.

'தங்க'த்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். 'தங்கச் சங்கிலி'யில் மகர மெய் கெட்டுத் 'தங்க' என்று நிற்பதால் தனி அடை போலத் தோன்றும். 'ரொம்பத் தங்கச் சங்கிலி' என்று யாராவது சொல்வார்களா? மாட்டார்கள். தங்கத்தால் செய்த சங்கிலி, அவ்வளவுதான். ஆனால் 'ரொம்பத் தங்கமான பையன்' என்று தாராளமாகச் சொல்வோம். அங்கே உலோகம் இல்லை, குணம் இருக்கிறது. 'தங்கமான' பெயரடையாகத் தனியே ஏற வேண்டும்.

மரபு இலக்கணம் படித்தவர்கள் 'பெரிய' குறிப்புப் பெயரெச்சம், பெயரடை என்று தனிவகை எதற்கு என்பார்கள். தொல்காப்பியத்தின் பெயர், வினை, இடை, உரி என்ற நான்கில் அது இல்லைதான். சண்டை போடாதே. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பெயரடை என்றே குறித்தது. இன்று அகராதியைப் புரட்டுபவருக்கு அதுதான் வசதி.

உருபு ஏற்பது, 'ரொம்ப' ஏற்பது என்ற இரண்டு சோதனையிலும் தேறும் சொற்களும் உண்டு. ஏழைக்கு, ஏழைகள் என்று உருபும் பன்மையும் ஏற்கும் 'ஏழை', 'ரொம்ப ஏழைக் குடும்பம்' என்றும் வருகிறது. நான் இரண்டு வகையும் போடுவேன், ஒவ்வொன்றுக்கும் அச்சில் வந்த எடுத்துக்காட்டு கையில் இருந்தால் மட்டும். அடுத்த கட்டில் 'அநாதை', 'முட்டாள்', 'ஊமை' வருகின்றன. அவற்றை 'ஏழை'யோடு ஒரே நாளில் உட்கார்ந்து பார். ஒன்றுக்கு இரண்டு வகை தந்து மற்றதற்கு விட்டுவிட்டால், அச்சான மறுவாரமே வாசகர் கடிதம் வரும். பதில் எழுத வேண்டியவன் நீதான்.

அன்புடன்,
அண்ணன்