சமையலுக்கு ஆட்கள் தேவை



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மலர்க் குழு நண்பர்கள், "ரோபோ பத்தி எழுதுடா, இல்லேன்னா சி.என்.சி. பத்தி எழுது" என்றார்கள். அவற்றைப் பற்றி எழுத நம் வகுப்பிலேயே என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அனுபவத்தில் தெரிந்தது ஒன்றுதான். ஒரு சின்ன ஃபாஸ்ட் ஃபுட் கடையின் அடுப்படிக்கு ஆள் சேர்ப்பது. சிரிக்க வேண்டாம். மேலாண்மைப் பாடத்தில் வரும் 'ஒர்க் ஸ்டடி' எனக்குப் புரிந்தது ஒர்க்ஷாப்பில் அல்ல, எங்கள் சித்தப்பா கடையின் தோசைக்கல் முன்னால்தான்.

எனக்குச் சொந்த ஊர் ஏற்காடு மலையில் உள்ள கரடியூர். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு வந்து, பிறகு காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போனால் எங்கள் ஊர். காட்சிமுனை பார்க்க வரும் வண்டிகளை நம்பி, 2024 தொடக்கத்தில் சித்தப்பா சாலையோரமாக 30 நாற்காலி போட்டு ஒரு கடை தொடங்கினார். டோக்கன் வாங்கி, பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டுப் போகிற மாதிரியான கடை. "நீதான் படிக்கிறியே, ஆள் எடுக்கிற வேலையை நீ பாத்துக்க" என்று என்னிடம் விட்டார். சனி, ஞாயிறுகளில் ஊருக்குப் போகிறவன் நான். பெருமையாகத்தான் இருந்தது.

'சமையலுக்கு ஆட்கள் தேவை. அனுபவம் உள்ளவர்கள் மட்டும்' என்று எழுதி ஒட்டினேன். கேட்பதற்கு 20 கேள்விகள்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். வந்தவர்களில் கீழ்நாட்டிலிருந்து வந்த ஒரு மாஸ்டர் பேச்சிலேயே என்னை மடக்கிவிட்டார். "தம்பி, 20 வருஷ சர்வீஸ். சரக்கு, தோசை, பரோட்டா எல்லாம் நம்மகிட்ட இருக்கு. கூட ரெண்டு பசங்களையும் நானே கூட்டியாறேன். அட்வான்ஸ் மட்டும் ஒரு பதினஞ்சு குடுத்திருங்க" என்றார். நாள் கூலி 900 என்று பேசி முடித்தோம்.

பக்கத்து ஊர்களிலிருந்து ஐந்து பெண்களும் வந்திருந்தார்கள். அவர்களிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஓட்டல்ல வேலை பாத்திருக்கீங்க?" அவர்களில் மூத்த அக்கா சொன்னார்: "ஓட்டல்லயா? இல்லீங்க தம்பி. வூட்டுல ஆக்குவோம். கல்யாணம், காதுகுத்துன்னா அண்டா வெச்சு ஆக்குவோம்." என் நோட்டில் 'அனுபவம் இல்லை' என்று எழுதிவிட்டு அனுப்பிவிட்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

மாஸ்டர் கைகாரர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருக்கு மலை தெரியாது. கீழே செய்வதுபோலவே சாயங்காலம் 6 மணிக்கு மாவாட்டி வைத்தார். பிப்ரவரிக் குளிரில் காலையில் மாவு ஆட்டினபடியே கிடந்தது. இட்லி தட்டையாக வந்தது. குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாக வேலை செய்யும், அதனால் புளிக்க நேரம் கூடும். இது நமக்குத் தெரிந்த பாடம்தான். அடுத்தது பருப்பு. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவதால் இங்கே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த அண்டாவில் எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. பருப்பு வேக நேரம் பிடிக்கும். மாஸ்டரோ மளிகைக் கடைக்காரரைத் திட்டினார், நாங்களும் அவரோடு சேர்ந்து கடையை மாற்றினோம்!

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. போனும் அணைந்துவிட்டது. அட்வான்ஸில் பாதிகூடக் கழியவில்லை. அவர் கூட்டி வந்த இரண்டு பையன்களும் அவரோடு போய்விட்டார்கள். மாஸ்டர் தன் 'செட்'டோடு வருவார், செட்டோடு போவார் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயமாம், எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. மே மாதக் கூட்டம் மலையேறத் தொடங்கியிருந்தது. கடைக்கு வாங்கிய கடன் ஒரு பக்கம். சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்ததை நான் மறக்க மாட்டேன்.

அந்த வாரம் சேலத்தில் வகுப்பு முடிந்ததும் ஓர் அம்மா உணவகத்தில் போய்ச் சாப்பிட்டேன். சாப்பாட்டைவிட அடுப்படியைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த உணவகங்கள் 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கின. அதே ஆண்டில் சேலம் உள்ளிட்ட மற்ற மாநகராட்சிகளுக்கும் வந்தன. ஒரு ரூபாய்க்கு இட்லி என்பதைத்தான் எல்லாரும் பேசினார்கள். ஆனால் நம் பாடத்துக்கு முக்கியமானது, அங்கே வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் யார் என்பது. ஓட்டல் மாஸ்டர்களை எடுக்கவில்லை. மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களை, தொடக்கத்தில் நாளுக்கு 300 ரூபாய் கூலியில் எடுத்தார்கள். வீட்டில் நாலு பேருக்குச் சமைத்தவர்கள் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைத்தார்கள். எப்படி முடிந்தது? சில பண்டங்கள்தான், தினமும் அதேதான். ஒருவர் ஆவியடுப்பைப் பார்க்கிறார், ஒருவர் சாம்பாரை, ஒருவர் டோக்கனை. இன்னார் வராவிட்டால் உணவகம் நின்றுபோகும் என்ற நிலை அங்கே இல்லை.

2022 செப்டம்பரில் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்திலும் இதே வழிதான். முதல் கட்டத்தில் எடுத்துக்கொண்ட 1,545 பள்ளிகளில் 237 பள்ளிகள் மலைப்பகுதிகளிலும் தொலைதூர இடங்களிலும் இருப்பவை. சமைப்பதற்கு அந்த ஊர்ச் சுய உதவிக் குழுப் பெண்களையே, அதிலும் அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் தாய்மார்களைத் தேடினார்கள். தன் பிள்ளை சாப்பிடப் போகிற உப்புமாவில் யார் அலட்சியம் காட்டுவார்கள்? ஆயிரம் கேள்வி கேட்டாலும் இப்படி ஒரு தகுதியைக் கண்டுபிடிக்க முடியாது.

உலகப் புகழ் பெற்ற துரித உணவகத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான். அமெரிக்காவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் 1948-ல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையை மூன்று மாதம் மூடினார்கள். 25 பண்டங்களை 9 ஆகக் குறைத்தார்கள். ஒரு டென்னிஸ் மைதானத்தில் சாக்பீஸால் அடுப்படியை வரைந்து, ஆட்களை அதில் நடக்கவிட்டு, யார் யாரோடு முட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்தார்கள். நமது பாடத்தில் வரும் கில்பிரெத், செங்கல் அடுக்குவதில் 18 அசைவுகளை 5-க்கும் கீழே குறைத்தாரே, அதே புத்திதான். முதலில் வேலையைத் துண்டு துண்டாகப் பிரி, பிறகு துண்டுக்கு ஏற்ற ஆளைத் தேடு. நானோ முதலில் ஆளைத் தேடினேன், அதுவும் எல்லாத் துண்டும் தெரிந்த ஒரே ஆளை!

மாஸ்டர் இருந்த நாளிலேயே ஒரு ஞாயிறு மதியம் நான் கடிகாரம் வைத்துக் குறித்த கணக்கு ஒன்று உண்டு. ஊற்றுவது முதல் கல்லைத் துடைப்பது வரை ஒரு ஈடுக்கு 4 நிமிஷம். ஒரு கல்லில் 3 தோசை. அப்படியானால் மணிக்கு 45, இரண்டு கல்லுக்கு 90. ஆனால் உண்மையில் வந்தது 52 தான். மீதி எங்கே போயிற்று? அரை மணி நேரத்தில் அவர் 11 முறை கல்லை விட்டு நகர்ந்தார். தட்டு எடுக்க, சட்னிக்கு, மாவுக்கு, டோக்கனைப் பார்க்க. இந்தக் கணக்கைக் காட்டி, "இன்னொரு மாஸ்டர் தேவையில்லை சித்தப்பா, கல்லுக்குப் பக்கத்தில் நின்று தட்டும் சட்னியும் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் போதும்" என்றேன். பிற்பாடு அப்படியே செய்தபோது மணிக்கு 78 வரை வந்தது.

போர்டில் எழுதியிருந்த 24 அயிட்டங்களில் 15-ஐ அடித்தோம். பிறகு நானும் சித்தியும் அந்த ஐந்து பெண்களின் வீட்டுக்கே போய் அழைத்தோம். நான்கு பேர் வந்தார்கள். இந்த முறை கேள்வித்தாள் இல்லை, அரை நாள் மாதிரி வேலை மட்டும், அதற்கும் கூலி உண்டு. வெங்காயம் அரிவது எவ்வளவு வேகம் என்பதைவிட, குப்பைக்கூடையைத் தொட்டபின் கை கழுவுகிறார்களா, ஈரக் கையோடு எண்ணெய்ப் பக்கம் போகிறார்களா, அடுத்தவர் கை ஓய்ந்திருக்கும்போது தானாகப் போய் நிற்கிறார்களா என்பதைத்தான் சித்தி கவனித்தார். ஆறு அயிட்டத்தை வாயால் சொல்லி, பத்து நிமிஷம் கழித்துத் திருப்பிக் கேட்டோம். படிக்கத் தெரியாத அக்காதான் ஒன்றுகூட விடாமல் சொன்னார். அவருக்காகவே டோக்கனைக் கலர் கலராக மாற்றினோம். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: "மார்கழியில மாவு எப்படிக்கா பொங்கும்?" நான்கு பேரும் சிரித்துவிட்டார்கள். "மத்தியானமே ஆட்டிரணும். ராத்திரி அடுப்பு அணைஞ்ச சூட்டுல பானையைச் சாக்கு போட்டு மூடி வெச்சா காலையில தூக்கிக்கிட்டு நிக்கும். இது தெரியாதா தம்பி?" தெரியாமல்தான் 15,000 ரூபாயை விட்டேன்.

கூலி பேசும்போது வந்தது சிக்கல். சித்தப்பா நாளுக்கு 350 என்றார். மூத்த அக்கா நேராகவே கேட்டார்: "அந்த ஆளுக்கு 900 குடுத்தீங்களே, எங்களுக்கு ஏன் 350?" "அவரு மாஸ்டரு, நீங்க பொம்பளைங்க" என்று சித்தப்பா வாய் தவறிச் சொல்லிவிட்டார். நான்கு பேரும் எழுந்து போய்விட்டார்கள். சம வேலைக்குச் சம கூலி என்று 1976-லேயே நாட்டில் சட்டம் வந்தாயிற்று. சட்டத்தை விடுங்கள், எங்கள் கணக்கே வேறு சொன்னது. மாஸ்டருக்கும் இரண்டு பையன்களுக்கும் நாளுக்குக் கொடுத்தது 1,900 ரூபாய், வீணான மாவும் அட்வான்ஸும் தனி. இரவு முழுக்க நானும் சித்தியும் வாதாடி, கல்லில் நிற்பவருக்கு 700, மற்றவர்களுக்கு 550 என்று முடிவாயிற்று. மறுநாள் சித்தப்பாவே போய் அழைத்தார். அக்காமார்கள் வைத்த ஒரே நிபந்தனை, கடைசி பஸ்ஸுக்கு விட்டுவிட வேண்டும். ராத்திரி வியாபாரத்தைக் கைவிட்டோம். நஷ்டம்தான், ஆனால் ஆள் நிலைத்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பாத்திரம் கழுவ 13 வயதுப் பையன் ஒருவனை அவன் பாட்டி அழைத்து வந்தார். "லீவுலதானே, கழுவிட்டுப் போகட்டும்" என்றார் சித்தப்பா. ஓட்டல், டீக்கடை வேலையில் சிறுவர்களை வைப்பதற்கு 2006 அக்டோபர் 10 முதலே தடை உண்டு. அந்தப் பாட்டிக்கே காய் நறுக்கும் வேலை கொடுத்தோம். சமையலில் கை வைக்கிற எல்லாருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை, டைபாய்டு தடுப்பூசி ஆகியவை உணவுப் பாதுகாப்பு விதிகளில் இருக்கின்றன. "எங்களுக்கு என்ன நோயா?" என்று அக்காமார்கள் கோபித்துக்கொண்டார்கள். முதலில் சித்தப்பா போய் ஊசி போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் சமாதானம் ஆனார்கள்.

மே மாதம் தாண்டியது. கோடை விழாக் கூட்டத்திலும் ஷட்டர் இறங்கவில்லை. இதோடு முடிந்தது என்று நினைத்தால், நவம்பரில் காப்பிப் பழம் சிவந்தது. நான்கு பேரில் மூன்று பேர், "தை வரைக்கும் பழம் பறிக்கப் போறோம் தம்பி" என்று கிளம்பினார்கள். சித்தப்பா மறுபடி துரோகம், நன்றி என்றெல்லாம் பேசத் தொடங்கினார். நான் அப்படிப் பார்க்கவில்லை. காலங்காலமாகப் பறிப்புக்குப் போகிற தோட்டத்தை ஒரு கடைக்காக யாராவது விடுவார்களா? பறிப்புக் காலத்தில் வார நாட்களில் எங்களுக்கும் கூட்டம் குறைவுதான். அதனால் வார நாட்களில் ஒரு கல், அக்காவும் சித்தியும் மட்டும். சனி, ஞாயிறுக்கு மற்றவர்களும் வருவார்கள். மலையில் ஆள் எடுக்கிறவர் காப்பிச் செடியைப் பார்த்துத்தான் அட்டவணை போட வேண்டும் என்பது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத அத்தியாயம்.

இப்போது அந்த அக்கா புதிதாக வந்த இரண்டு பெண்களுக்குக் கல் பழக்கிக்கொண்டிருக்கிறார். முதல் ஒரு வாரம் அவர்களுக்குக் கரண்டி கிடையாது. பக்கத்தில் நின்று பார்க்க மட்டும்தான். பரோட்டாவுக்கு மட்டும் இன்னும் ஆள் அமையவில்லை. போர்டில் அந்த வரி அடித்தபடியே கிடக்கிறது, கேட்டு வருகிறவர்களுக்குத் தோசை கொடுத்து அனுப்புகிறோம்.