திருவாகனங்களில் விலங்குருவங்கள்

மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றபோது காவிரிக் கரையிலிருந்த பல சிற்றூர்கள் நீருக்குள் அமிழ்ந்தன. பண்ணவாடிப் பகுதியில் அவ்வாறு மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் ஆலயத்தின் நந்தி, 120 அடி நீர் தேங்கும் அவ்வணையில் நீர்மட்டம் வெகுவாகத் தாழும் ஆண்டுகளில் மெல்ல வெளிப்படுகின்றது. மக்கள் திரள் திரளாகச் சென்று அதனைக் கண்டு வருகின்றனர். சிவாலயத்து நந்திக்கு வைணவ விழா மலரில் என்ன வேலை என்று அன்பர்கள் எண்ண வேண்டா. இத்தனை ஆண்டுகள் நீருக்குள் கிடந்தும், அதனை இன்னதென்று கண்டுகொள்ள ஒரு குழந்தைக்கும் ஒரு கணம் போதும். அத்துணை உறுதியாக ஒரு விலங்கின் உருவை வகுத்துவைத்த கைகளைப் பற்றியதே இக்கட்டுரை.

திருவிழாக் காலத்தில் எம்பெருமான் திருவீதியில் எழுந்தருளும்போது நம் கண்கள் இயல்பாகவே அவன் திருமுகத்தில் நிலைத்துவிடுகின்றன. அவனைத் தாங்கிவரும் வாகனத்தை நின்று நோக்குவோர் மிகச் சிலரே. அன்னம், சிங்கம், யானை, குதிரை, யாளி, திருவனந்தாழ்வானாகிய சேஷன், சிறிய திருவடியாகிய அனுமன், பெரிய திருவடியாகிய கருடன் என ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் உரு வருகின்றது. இவற்றுள் யானையும் குதிரையும் கண்ணாற் கண்டவை. யாளியை எவரும் கண்டதில்லை. திருவரங்கத்து உற்சவங்களில் நம்பெருமாள் யாளி வாகனத்திலும் எழுந்தருளுகின்றார். வீதியில் நிற்போர் எவரும் அதனைப் பொய் விலங்கு என்று எண்ணுவதில்லை. ஏன்?

விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மேட்டூரிலிருந்து ஜலகண்டாபுரம் வழியாகத் தாரமங்கலம் சென்று, கெட்டி முதலிகள் திருப்பணி செய்த கைலாசநாதர் ஆலயத்தின் தூண்களைக் காண்க. யாளியின் பிடரி சிங்கத்தினுடையது; துதிக்கை யானையினுடையது; கோரைப் பல் காட்டுப் பன்றியை நினைவூட்டும். ஆயினும் தொடையின் தசை எங்கே இறுகும், பாய எழும் உடலின் பாரம் எந்தக் காலில் விழும் என்பனவெல்லாம் மெய்யான விலங்கைக் கூர்ந்து பார்த்தவன் மட்டுமே அறியக்கூடியவை. உறுப்புகளை இணைத்தது கற்பனை. ஒவ்வோர் உறுப்பும் கண்டறிந்தது. அதனால்தான் அது நம்பத்தக்கதாகின்றது.

யாளியின் வாய்க்குள் உருளும் கற்பந்தையும் கூறாமல் விடலாகாது. கையால் உருட்டலாம், வெளியே எடுக்கவொண்ணாது. பந்தை வெளியிலிருந்து உள்ளே இட்டவர் எவருமில்லை. பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள சந்துகளின் வழியே உளியைச் செலுத்தி, ஒரே கல்லிலிருந்து சிறிது சிறிதாகப் பந்தை விடுவித்திருக்கிறார்கள். உளி ஒருமுறை தவறினால் தூணே வீண். அவ்வாலயத்திலேயே இராமன் வாலியை மறைந்து எய்யும் காட்சியும் உண்டு. இராமன் நிற்குமிடத்திலிருந்து வாலி தெரிவான். வாலியின் இடத்திலிருந்து இராமன் தெரியான். வைணவ அன்பர்கள் அதனையும் தவறாது காண வேண்டும்.

இனித் தெற்கே நாமக்கல். அங்குள்ள குடைவரைகள் கி.பி. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதியர் குலத்தவர் குடைவித்தவை. நரசிங்கப் பெருமானின் குடைவரையில் வராகமும், இரணிய வதமும், திரிவிக்கிரமனும் பாறையில் உயிர்த்து நிற்கின்றன. மனிதனாலும் விலங்காலும் மரணமில்லை என்று வரம் பெற்றவனுக்கு விடையாக வந்த உரு நரசிங்கம். கற்பனைபோல் தோன்றினும் அவ்வரத்தின் வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றிய உரு அது. மலையின் மறுபுறத்தில் அரங்கநாதன் கார்க்கோடகன்மேல் பள்ளிகொண்டுள்ளான். அப்பாம்பின் முகங்களில் சிங்கத்தின் சாயல் இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. தீபம் காட்டும் சிறு பொழுதில் பெருமானின் திருமேனியைச் சேவித்தபின் ஒரு நொடி மேலே நோக்கினால் அது புலப்படும்.

வடக்கே ஒரிசாவில் (இன்று ஒடிசா) இக்கற்பனை இன்னும் ஒரு படி மேலே சென்றுள்ளது. சரளா தாசர் ஒரிய மொழியில் இயற்றிய மகாபாரதத்தில் திருமால் அருச்சுனனுக்கு நவகுஞ்சரம் என்னும் உருவிற் காட்சி தருகின்றான். சேவலின் தலை, மயிலின் கழுத்து, காளையின் திமில், சிங்கத்தின் இடை, பாம்பாகிய வால். கால்களுள் யானையினுடையதும் புலியினுடையதும் உண்டு. ஒன்று மட்டும் மலரேந்திய மனிதக் கை. அருச்சுனன் முதலில் அம்பெடுக்கின்றான். பின்பு அக்கையைக் கண்டு, இவன் யாரென உணர்ந்து வில்லைத் தாழ்த்துகின்றான். பூரிப் பகுதியின் துணிச்சித்திரக்காரர்கள் இவ்வுருவை இன்றும் தீட்டி வருகின்றனர். ஒன்பது உயிர்களின் ஒன்பது நிறங்களை ஓருடலில் சண்டையின்றி அமர்த்துவது எளிதன்று.

நிறம் என்று வந்தபின் கருடனைப் பற்றிக் கூறாமலிருக்கவியலாது. கருடனைத் தியானிக்கும் வடமொழிச் சுலோகம் ஒன்று அவன் திருமேனியை நான்கு நிறங்களாக வகுக்கின்றது. பாதம் முதல் முழங்கால் வரை உருக்கிய பொன். அதற்குமேல் கொப்பூழ் வரை தூய பனியின் வெண்மை. கழுத்து வரை குங்குமச் செம்மை. தலையோ வண்டுக்கூட்டம் மொய்த்தாற்போன்ற கருமை. ஓவியன் ஒருவனுக்கு இதைவிடத் தெளிவான கட்டளை வேண்டுமோ! பொற்கவசம் சார்த்திய கருடனையே கண்டு பழகிய நமக்கு இந்நான்கு நிறங்களும் மறந்துபோயின. மரத்தாலான பழைய கருட வாகனம் எங்கேனும் வண்ணத்தோடு இருக்குமாயின், அன்பர்கள் அதன் முழங்காலையும் மார்பையும் ஒப்புநோக்குவார்களாக.

வாகனம் செய்யும் தச்சர் மரத்தில் உருவைச் செதுக்கியபின் பள்ளங்களை மக்கிட்டு நிரப்பி, தேய்த்து, அதன்மேல் வண்ணம் ஏற்றுவார். கண்கள் ஏன் இத்துணைப் பெரியவை, புருவக் கோடு ஏன் இத்துணைத் தடித்தது என்று வினவுவோர் உண்டு. இவ்வுருவங்கள் தீவட்டி வெளிச்சத்தில், தோளுயரத்திற்கு மேலே, அசைந்தவாறே காணப்படுபவை. மங்கிய ஒளியில் தொலைவிலிருந்து வருவது சிங்கமா குதிரையா என்று தெரிய வேண்டுமானால் கோடு தடித்தும் நிறம் முரண்பட்டும் இருந்தாக வேண்டும். மின்விளக்கின் பேரொளியில் கண்டு இவற்றை மிகை என்பது முறையாகாது.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமலிருப்பதற்கில்லை. விழா நெருங்கும் நாளில் பழைய வாகனத்தின்மேல் கடையில் வாங்கிய எனாமல் பெயிண்டை அப்படியே பூசிவிடும் வழக்கம் பல இடங்களில் பரவியுள்ளது. நோக்கம் நல்லதே, வாகனம் பளபளக்க வேண்டுமென்னும் ஆர்வமே. ஆனால் பூச்சின்மேல் பூச்சு தடித்து, உளி வகுத்த இறகின் நுண்கோடுகள் அடைபட்டு, அன்னம் வாத்தாகிவிடுகின்றது. கீழே இருந்த பச்சை எந்தப் பச்சை, செம்மை எந்தச் செம்மை என்று பின்னர் அறிவார் இல்லை. பூசுவதற்கு முன்னர் வாகனத்தை நான்கு புறமும் நிழற்படம் எடுத்து, நிறங்களைக் குறித்துவைத்து, தடித்த பழம்பூச்சைத் தேர்ந்த கைவினைஞரைக் கொண்டு மெல்ல நீக்கினால் போதும். செலவு பெரிதன்று, பொறுமைதான் வேண்டும்.

இவ்வுருவங்கள் ஆலயத்தோடு நின்றுவிடவில்லை என்பதற்கு நெசவே சான்று. ஜலகண்டாபுரம், தாரமங்கலம், இளம்பிள்ளை ஆகியவை தறியோசை கேட்கும் ஊர்கள். அன்னப்பட்சியும் யாளியும் இருதலைப்பட்சியும் பட்டுச் சேலையின் கரையில் வரிசையாக நடப்பதை யாவரும் கண்டிருப்பர். அவ்வுருவை முதலில் கட்டமிட்ட தாளில் வரைகின்றார்கள். ஒவ்வொரு கட்டமும் இழைகள் ஒன்றையொன்று கடக்கும் ஓரிடத்தைக் குறிக்கும். கட்டத்திற்குள் வளைவு கிடையாது. அன்னத்தின் கழுத்து படிப்படியாகத்தான் வளைய முடியும். எத்தனை கட்டத்திற்கு ஒரு படி என்பதில்தான் வரைபவரின் திறம் இருக்கின்றது. ஒரு படி மிகுந்தால் கழுத்து முறிந்ததுபோல் காணும். பின்பு அவ்வரைவைப் பார்த்து அட்டைகளில் துளையிட்டு, ஜக்கார்டு என்னும் பொறியில் கோத்துவிட்டால், துளையுள்ள இடத்தில் பாவிழை உயரும். ஊடையும் சரிகையும் ஓடி உருவம் எழும்.

ஆகவே புறப்பாட்டின்போது குழந்தைகளை உடன் அழைத்து வருவோர் ஒன்று செய்யலாம். யாளி வரும்போது, இதன் தலை யாருடையது, மூக்கு யாருடையது, பாதம் யாருடையது என்று அவர்களைக் கேட்கலாம். வீடு திரும்பியபின் ஒரு தாளும் வண்ணக் கோல்களும் தந்து, கண்டதை வரையச் சொல்லலாம். வரைந்த யாளி தூணில் உள்ளதுபோல் இராது. ஒருவேளை அதற்கு வீட்டுப் பூனையின் மீசையும், பக்கத்து வீட்டு ஆட்டின் காதும் வந்து சேரும். அதனைத் திருத்த வேண்டா. தாரமங்கலத்துச் சிற்பியும் தன் ஊரில் தான் கண்ட விலங்குகளிலிருந்தே தொடங்கியிருப்பான்.