விதைப்பை வலியும் வீக்கமும்: தயக்கம் வேண்டாம்

விதைப்பை வீக்கத்துடன் எங்கள் பிரிவுக்கு வருபவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, "வலி எப்போது தொடங்கியது?" என்பதே. "நான்கைந்து நாள்களாக இருக்கிறது, உடல் சூடு என்று நினைத்து இளநீர் குடித்தேன்" என்று பலர் தயங்கியபடியே சொல்வார்கள். சிலர் மனைவியிடம்கூடச் சொல்லியிருக்கமாட்டார்கள். எளிதில் குணமாகக்கூடிய ஒரு நோயை இந்தத் தயக்கமே பல நேரங்களில் சிக்கலாக்கிவிடுகிறது.

எபிடிடிமைட்டிஸ் என்றால் என்ன?

ஒவ்வொரு விதையின் பின்புறத்திலும் எபிடிடிமிஸ் என்னும் மெல்லிய குழாய் சுருண்டு அமைந்துள்ளது. அதை நீட்டினால் ஏறத்தாழ 6 மீட்டர் இருக்கும். விதையில் உருவாகும் விந்தணுக்கள் இதனைக் கடந்து வரும்போதுதான் முதிர்ச்சி அடைகின்றன. இக்குழாயில் ஏற்படும் அழற்சியே எபிடிடிமைட்டிஸ். இது விதைக்கும் பரவுவதுண்டு.

காரணங்கள்

பெரும்பாலும் சிறுநீர்ப் பாதையில் உள்ள கிருமிகள் விந்துக்குழாய் வழியே பின்னோக்கிச் சென்று இங்கே தங்குகின்றன. 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, பாலுறவு வழியே தொற்றும் கிளமிடியா, கொனோரியா ஆகிய கிருமிகள் முக்கியக் காரணம். அதற்கு மேற்பட்ட வயதினருக்குக் குடலில் வாழும் ஈ.கோலை போன்ற கிருமிகளே பெரும்பாலும் காரணமாகின்றன. புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தேங்குவதும், சிறுநீர்க்குழாய் பொருத்தியிருப்பதும் அவற்றுக்கு வழிவகுக்கும். ஆகவே, இந்நோய் வந்தவரின் நடத்தையை ஐயுறுவது சரியன்று. நம் நாட்டில் காசநோயும் இவ்விடத்தைத் தாக்குவதுண்டு. வலி குறைவாகவும் கட்டி நாள்பட்டதாகவும் இருந்தால் அதையும் மனத்தில் கொண்டு சோதிக்கிறோம்.

அறிகுறிகள்

ஒரு பக்கத்தில் ஓரிரு நாள்களில் படிப்படியாகக் கூடும் வலி, வீக்கம், தோல் சிவந்து சூடாதல், காய்ச்சல், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், சிலருக்குச் சிறுநீர்த் துளையிலிருந்து கசிவு ஆகியவை இதன் அறிகுறிகள்.

ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாத நிலை

விதை தன் இரத்தக்குழாயோடு முறுக்கிக்கொண்டாலும் இதே இடத்தில்தான் வலிக்கும். இந்த வலி திடீரென, கடுமையாகத் தொடங்கும். குமட்டலும் வாந்தியும் சேர்ந்து வரலாம். வளரிளம் பருவத்தினரிடம் இது மிகுதி. ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கை நீக்கினால் விதையைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். காலம் கடக்கக் கடக்க அந்த வாய்ப்பு விரைவாகக் குறைகிறது. எது எபிடிடிமைட்டிஸ், எது முறுக்கம் என்று வீட்டில் இருந்தபடி முடிவு செய்ய இயலாது. திடீர் வலி என்றால், நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

பரிசோதனையும் சிகிச்சையும்

சிறுநீர்ப் பரிசோதனையும் கல்ச்சரும் செய்து கிருமியை அறிகிறோம். டாப்ளர் ஸ்கேன் விதைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் காட்டும். முறுக்கம் என்ற ஐயம் வலுவாக இருந்தால் ஸ்கேனுக்காகக் காத்திராமல் அறுவைக்குச் செல்வோம்.

கிருமித் தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக் மருந்து, பெரும்பாலும் 10 நாள்கள் தேவைப்படும். காசநோய்க்குச் சிகிச்சை பல மாதங்கள் நீளும். இரண்டு மூன்று நாள்களில் வலி தணியத் தொடங்கும். இந்தக் கட்டத்தில்தான் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகுகின்றன. சீழ்க்கட்டி, நாள்பட்ட வலி, குழாய் அடைபட்டுக் குழந்தைப்பேறு பாதிக்கப்படுதல் ஆகியவை அதன் பின்விளைவுகளாகலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

• ஓய்வெடுங்கள், படுத்திருக்கும்போது மடித்த துண்டை விதைப்பையின் கீழ் வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள்.
• விதைப்பையைத் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை வலியைக் குறைக்கும்.
• பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம்.
• பாலுறவு வழித் தொற்று எனில் துணைவருக்கும் சிகிச்சை அவசியம். இருவருக்கும் சிகிச்சை முடியும்வரை உறவைத் தவிர்க்கவும்.

மூன்று நாள்களில் வலி குறையாவிட்டால் மீண்டும் வாருங்கள். வீக்கம் முழுமையாக வடியச் சில வாரங்கள் ஆகலாம். மருந்து முடிந்தபின்னும் கட்டி தென்பட்டால், அது புற்றுநோய் அன்று என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்: வீட்டில் மகனோ கணவரோ தந்தையோ நடக்கச் சிரமப்படுவதைக் கண்டால், கடிந்துகொள்ளாமல் விசாரியுங்கள். அவர் வாய் திறந்து சொல்லிவிட்டால், சிகிச்சையின் பாதி தடை நீங்கிவிடும்.